சைக்கிளுக்கு 1,500 வெள்ளியில் ஃபோர்க் வாங்கலாமா?

கேள்வி: சிங்கப்பூரில் புக்கிட் பாஞ்சாங்கில் வசிக்கிறேன். வயது 41, எடை 82 கிலோ. இரண்டு வருடத்துக்கு முன் 1,400 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்), ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய, பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத ஹார்ட்டெயில் மவுண்டன் பைக் ஒன்றை வாங்கினேன். 29 அங்குலச் சக்கரம், முன்னால் 120 மில்லிமீட்டர் டிராவல் (அமிழும் தூரம்) உள்ள ராக்‌ஷாக்ஸ் ஜூடி சில்வர் ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைப் பிடித்து அதிர்வைத் தாங்கும் கவை. வார இறுதிக் காலைகளில் செஸ்ட்நட், புக்கிட் தீமா தடங்களில் ஓட்டுகிறேன். எப்போதாவது புலாவ் உபின் போவேன். வேரும் கல்லுமாக இருக்கும் இறக்கங்களில் முன்பக்கம் தடதடவென்று அடிக்கிறது. அரை மணி நேரத்தில் உள்ளங்கையும் மணிக்கட்டும் வலிக்கத் தொடங்கிவிடுகின்றன. கூட ஓட்டும் நண்பர்கள் ஃபாக்ஸ் 34 ஃபேக்டரி ஃபோர்க் போடச் சொல்கிறார்கள். கடையில் 1,500 வெள்ளி என்கிறார்கள். சைக்கிள் விலையையே தாண்டுகிறது. என் மனைவி 'அந்தப் பணத்துக்கு அப்படி என்னதான் கிடைக்கும்?' என்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை. இதுவரை ஃபோர்க்கை ஒருமுறைகூடத் திறந்ததில்லை. காற்றும் வாங்கியபோது அடித்ததுதான். டயரில் டியூப் போட்டு 40 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்திருக்கிறேன்.

பதில்: அன்புள்ள வாசகருக்கு, வணக்கம். முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். அந்த 1,500 வெள்ளி ஃபோர்க்கை வாங்காதீர்கள்.

உங்கள் நண்பர்கள் சொல்வது பொய்யில்லை. ஃபாக்ஸ் 34 ஃபேக்டரி அருமையான ஃபோர்க்தான். ஜூடியை விட்டு அதில் ஏறினால் முதல் இறக்கத்திலேயே வித்தியாசம் கையில் தெரியும். ஆனால் அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு அதைவிட இரண்டு படி கீழே உள்ள ஃபோர்க்கிலேயே கிடைத்துவிடும். அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. இப்போது உங்கள் கையை வலிக்க வைப்பது ஜூடியின் தரமா, அல்லது அதை வைத்திருக்கும் நிலையா? கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய கடைசி மூன்று வரிகள்தான் சஸ்பென்ஷன் சர்வீஸ் செய்பவனான என் கண்ணில் முதலில் பட்டவை.

ஃபோர்க்கின் கீழ்க்கால்களுக்குள் சில மில்லிலிட்டர் எண்ணெய்தான் இருக்கும். மேலே உள்ள குழாய்கள், அதாவது ஸ்டாங்ஷன்கள், புஷ் என்ற உள்வளையத்துக்குள் வழுக்கிக்கொண்டு ஏறி இறங்குவது அந்த எண்ணெயால்தான். தூசியை வழித்துத் தடுக்கும் ரப்பர் வைப்பருக்கு அடியில் இருக்கும் பஞ்சு வளையமும் அதைத்தான் உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. ஓட்ட ஓட்ட அது அழுக்காகும், குறையும், ஒரு கட்டத்தில் வற்றியே போகும். ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கீழ்க்கால்களைக் கழற்றித் துடைத்து எண்ணெய் மாற்றச் சொல்கிறது. வாரத்துக்கு 3 மணி நேரம் என்று குறைவாக வைத்தாலும், நீங்கள் இரண்டு வருடத்தில் 300 மணி நேரத்தைத் தொட்டிருப்பீர்கள். முன்னால் வைத்திருந்தவர் ஓட்டியது தனி. ஆக, ஆறு முறை நடந்திருக்க வேண்டிய வேலை ஒருமுறைகூட நடக்கவில்லை. இந்த ஊர் ஈரப்பதத்தையும், ஸ்டாங்ஷனில் சொட்டும் வியர்வையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காய்ந்துபோன ஃபோர்க் சின்ன அடிக்கு அசையாது. பெரிய அடி வந்தால்தான் இறுக்கத்தை உடைத்துக்கொண்டு இறங்கும். செஸ்ட்நட்டில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் வேர்கள் எல்லாம் சின்ன அடிகள். அவை மொத்தமும் நேராக உங்கள் கைக்கு வந்துகொண்டிருக்கின்றன. நீங்கள் எழுதிய அறிகுறிகள் இதோடு அப்படியே பொருந்துகின்றன.

அதனால் முதல் செலவு சர்வீஸ். கீழ்க்கால் சர்வீஸ் மட்டும் போதாது. இவ்வளவு நாள் ஆனதால் ஏர் ஸ்பிரிங்கை (எடையைத் தாங்கும் காற்று அறை) திறந்து சீல்களை மாற்றி, டேம்பர் (அசைவின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி) எண்ணெயையும் மாற்றச் சொல்லுங்கள். கட்டணம் கடைக்குக் கடை மாறும். எப்படிப் பார்த்தாலும் நீங்கள் செலவழிக்க நினைத்த 1,500 வெள்ளியில் அது சிறு பங்குதான். கழற்றும்போது இரண்டு விஷயங்களைப் பார்த்துச் சொல்லும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள். ஒன்று, ஸ்டாங்ஷனில் துருவோ பள்ளமோ இருக்கிறதா. இன்னொன்று, புஷ் தேய்ந்து ஆட்டம் கொடுக்கிறதா. இரண்டில் ஒன்று மோசமாக இருந்தாலும் அந்த ஜூடிக்கு மேற்கொண்டு செலவு செய்வது வீண். அப்போது புது ஃபோர்க் பற்றிப் பேச நியாயமான காரணம் வந்துவிடும்.

அடுத்தது காற்று. நீங்கள் வாங்கியபோது விற்றவர் உங்கள் எடையைக் கேட்டு அடித்தாரா என்பது சந்தேகம்தான். அப்படியே அடித்திருந்தாலும் ஏர் ஸ்பிரிங்கில் அழுத்தம் நாளடைவில் கொஞ்சம் இறங்கும். ஒரு ஷாக் பம்ப் வாங்கிக்கொள்ளுங்கள். டயர் பம்ப் இதற்கு ஆகாது. எந்த எடைக்கு எவ்வளவு அழுத்தம் என்ற அட்டவணை கீழ்க்காலின் பின்பக்கம் ஒட்டியிருக்கும். உரிந்துபோயிருந்தால் நிறுவனத்தின் தளத்தில் பாருங்கள். எடை என்றால் தண்ணீர்ப் பை, ஹெல்மெட், காலணி எல்லாம் சேர்ந்த எடை. அட்டவணை ஆரம்பப் புள்ளி மட்டுமே. அதற்குப் பிறகு சாக் பார்க்க வேண்டும். அதாவது, நீங்கள் ஏறி நின்றாலே ஃபோர்க் எவ்வளவு அமிழ்கிறது என்பது. ஸ்டாங்ஷனில் ரப்பர் வளையம் இல்லையென்றால் ஒரு பிளாஸ்டிக் டையைத் தளர்வாகக் கட்டி வைப்பர் வரை தள்ளிவிடுங்கள். ஒருவரைச் சைக்கிளைப் பிடிக்கச் சொல்லி, பெடலில் இறக்கத்தில் நிற்பது போல எழுந்து நில்லுங்கள். குதிக்காமல் மெதுவாக இறங்குங்கள். 120 மில்லிமீட்டரில் 20 சதவீதம் என்றால் டை 24 மில்லிமீட்டர் நகர்ந்திருக்க வேண்டும். 12, 15 என்று இருந்தால் காற்று அதிகம், ஃபோர்க் பாதி வேலைகூடச் செய்யவில்லை என்று அர்த்தம்.

ஷாக் பம்பைக் கழற்றும்போது புஸ்ஸென்று வருவது குழாயில் தங்கிய காற்று. ஃபோர்க்கில் உள்ளது அப்படியே இருக்கும். பலர் அதைப் பார்த்துப் பயந்து, கூடுதலாக 10 பிஎஸ்ஐ அடித்துவிடுகிறார்கள்.

ரீபவுண்டையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் யாரும் தொடாத திருகு அதுதான். வலது காலின் அடியில் சிவப்பாக இருக்கும். ஒரு பக்கம் ஆமைப் படம், மறுபக்கம் முயல். அமிழ்ந்த ஃபோர்க் எவ்வளவு வேகமாகத் திரும்பி எழுகிறது என்பதை அது தீர்மானிக்கிறது. ஆமைப் பக்கம் மிகவும் திருகியிருந்தால், முதல் வேரில் அமிழ்ந்த ஃபோர்க் எழுந்து முடிப்பதற்குள் இரண்டாவது வேர் வந்துவிடும். மூன்றாவது, நான்காவது வேரில் அது அடிமட்டத்துக்கு அருகிலேயே கிடக்கும். ஓட்டுபவருக்கு ஃபோர்க் கல்லாகிவிட்டது போலத் தோன்றும். உடனே காற்றைக் குறைப்பார், இன்னும் மோசமாகும். ஒரே தடத்தில், ஒரே இடத்தில், ஒவ்வொரு சொடுக்காக முயல் பக்கம் திருகி ஓட்டிப் பாருங்கள். கைப்பிடி மேலே துள்ளுகிறது என்று தோன்றியதும் ஒரு சொடுக்கு பின்வாங்குங்கள்.

டயருக்கு வருவோம். 40 பிஎஸ்ஐ, டியூபோடு. இது தார்ச்சாலைக்கு உரிய அழுத்தம். தடத்தில் முதல் சஸ்பென்ஷன் டயர்தான், ஃபோர்க் இரண்டாவதுதான். உங்கள் சக்கர விளிம்பு (ரிம்) அனுமதித்தால் 2.4 அங்குல டயர் போட்டு டியூப்லெஸ் ஆக்குங்கள். 82 கிலோவுக்கு முன்பக்கம் 22, 23 பிஎஸ்ஐயில் தொடங்கலாம், பின்னால் 2 பிஎஸ்ஐ கூட. விளிம்பு தரையில் இடிப்பதாகத் தெரிந்தால் கொஞ்சம் ஏற்றுங்கள். கை வலிக்கு பிரேக் லீவரின் கோணமும் காரணமாக இருக்கலாம். விரல் லீவரில் இருக்கும்போது மணிக்கட்டு மடங்காமல் முன்கையோடு நேராக இருக்க வேண்டும்.

இதையெல்லாம் செய்து சில வாரம் ஓட்டியபின் நீங்களே சொல்வீர்கள், எவ்வளவு வலி போயிற்று, எவ்வளவு மிச்சம் என்று. ஓரளவு மிச்சம் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஜூடி சில்வர் அடிப்படை ஃபோர்க். அதற்கு எல்லை உண்டு. அங்கே உங்கள் மனைவியின் கேள்விக்கு வருவோம். நல்ல கேள்வி, அதற்கு முழுப் பதில் சொல்லியாக வேண்டும்.

பணம் முக்கியமாகப் போவது டேம்பருக்கு. ஃபோர்க்கின் ஒரு காலில் ஸ்பிரிங், மற்றொன்றில் டேம்பர். ஸ்பிரிங் உங்கள் எடையைத் தாங்குகிறது. டேம்பர் அசைவின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. உள்ளே எண்ணெய் ஒரு வழியாகப் புகுந்து போக வேண்டும், அந்தத் தடைதான் கட்டுப்பாடு. அடிப்படை டேம்பர்களில் அந்த வழி ஒரே அளவுள்ள துளை. ஊசிக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள்: மெதுவாக அழுத்தினால் மருந்து சுலபமாக வரும், வேகமாக அழுத்தினால் கட்டைவிரல் திணறும். நிலையான துளையில் எண்ணெயின் வேகம் இரண்டு மடங்கானால் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகிவிடும். பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் மெதுவாக அமிழும். அப்போது தடை போதாமல் மூக்கு குத்திக்கொண்டு போகும். கூரான கல்லில் வேகமாக மோதும்போதோ, தடை மிகுந்து ஃபோர்க் பூட்டிக்கொண்டது போல அடிக்கும். வேண்டிய இடத்தில் இல்லை, வேண்டாத இடத்தில் இருக்கிறது.

நல்ல டேம்பரில் துளையை மெல்லிய எஃகு வட்டத்தகடுகளின் அடுக்கு ஒன்று மூடியிருக்கும். அதற்கு ஷிம் என்று பெயர். மெதுவான அசைவில் தகடு வளையாது, அதனால் ஃபோர்க் நிதானமாக நிற்கும். திடீர் அடியில் எண்ணெயின் அழுத்தம் தகட்டை வளைத்து வழியைப் பெரிதாக்கிவிடும், ஃபோர்க் அடியை விழுங்கிவிடும். இன்னொன்று, மலிவான டேம்பரில் எண்ணெயும் காற்றும் ஒரே குழாயில் இருக்கும். நீண்ட இறக்கத்தில் இரண்டும் கலந்து நுரைக்கும், கட்டுப்பாடு நழுவும். விலை கூடியவற்றில் எண்ணெயைக் காற்று தொடாத தனிக் குப்பிக்குள் அடைத்திருப்பார்கள்.

அடுத்துப் பணம் போவது எலும்புக்கூட்டுக்கு. ஜூடியின் ஸ்டாங்ஷன் 30 மில்லிமீட்டர் விட்டம், ஃபாக்ஸ் 34இல் பெயரிலேயே இருக்கிறதே, 34. உங்கள் எடையில் இது முக்கியம். முன் பிரேக்கை இறுகப் பிடித்து வேர் மேல் இறங்கும்போது ஃபோர்க் பின்னோக்கி வளையப் பார்க்கும். வளைந்தால் குழாய் புஷ்ஷில் சிக்கிக்கொண்டு வழுக்காது. மிகவும் தேவைப்படும் நொடியில் சஸ்பென்ஷன் நின்றுபோகும். 55 கிலோ எடையுள்ள ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் இதை இவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்க மாட்டேன். எடையும் ஏறத்தாழ அரை கிலோ குறையும், ஆனால் அதற்காக யாரும் ஃபோர்க் மாற்ற வேண்டியதில்லை.

இப்போது படிகளைப் பாருங்கள். ஃபாக்ஸ் 34 வரிசையில் கீழே ரிதம், அப்புறம் பெர்ஃபார்மன்ஸ், அதற்கு மேல் பெர்ஃபார்மன்ஸ் எலிட், உச்சியில் ஃபேக்டரி. நான்கிலும் 34 மில்லிமீட்டர் குழாய்தான். முதல் இரண்டிலும் கிரிப் என்ற டேம்பர் இருக்கும். நான் மேலே சொன்ன நல்ல குணங்கள் அதில் உண்டு. திருகுகள் குறைவு, பராமரிப்பு எளிது, நீடித்து உழைக்கும். மேல் இரண்டு படிகளில் இன்னும் நுட்பமான டேம்பர். கிரிப் 2 போன்ற டேம்பர் உள்ள மாடல்களில் மெதுவான அமிழ்வு, வேகமான அமிழ்வு, மெதுவான எழுச்சி, வேகமான எழுச்சி என்று நான்கையும் தனித்தனியாகத் திருகலாம். எலிட்டிலும் ஃபேக்டரியிலும் ஒரே டேம்பர்தான் வருகிறது. ஃபேக்டரியின் கூடுதல், தங்க நிறத்தில் மின்னும் காஷிமா பூச்சு. ஜப்பானில் போடப்படும் அந்தப் பூச்சு உரசலைக் குறைக்கிறது, தேய்மானத்தைத் தாங்குகிறது. ஆனால் சர்வீஸ் செய்து எண்ணெய் நிறைந்த, காஷிமா இல்லாத கறுப்புக் குழாய்க்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கையால் உணர்வது கடினம். எண்ணெய் வற்றிய காஷிமாவைவிட எண்ணெய் உள்ள கறுப்பு எவ்வளவோ மேல். ராக்‌ஷாக்ஸிலும் இதே கதைதான்: செலக்ட், அல்டிமேட் என்று பெயர் மாறும். பெரும்பாலும் எலும்புக்கூடு ஒன்று, டேம்பர் வேறு.

சிங்கப்பூரில் இருக்கும் தடங்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். செஸ்ட்நட்டின் சைக்கிள் தடம் மொத்தமும் 8.2 கிலோமீட்டர். புக்கிட் தீமா குன்றின் உயரமே 164 மீட்டர், சைக்கிள் தடம் அதன் உச்சிக்குப் போவதுமில்லை. இங்கே இறக்கம் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். ஃபேக்டரியின் நுட்பமான திருகுகள் பலன் தருவது கனடாவின் விஸ்லர் போல ஆயிரம் மீட்டருக்கு மேல் ஒரே மூச்சில் இறங்கும் இடங்களில், அல்லது நொடிக் கணக்கில் வெற்றி தோல்வி மாறும் பந்தயத்தில். உபின் தீவின் கேத்தம் பூங்காவில் கறுப்பு வைரக் குறியிட்ட கடினமான பாதைகள் உண்டு. நீங்கள் வாராவாரம் அங்கே இறங்குகிறவராக, திருகை ஒவ்வொரு சொடுக்காக மாற்றிக் குறிப்பெடுக்கிறவராக இருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். நான்கு திருகுகளைத் தவறாக வைத்த விலையுயர்ந்த ஃபோர்க், இரண்டு திருகுகளைச் சரியாக வைத்த நடுத்தர ஃபோர்க்கைவிட மோசமாகவே ஓடும். சர்வீஸுக்கு வரும் ஃபேக்டரி ஃபோர்க்குகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். எல்லாத் திருகுகளும் ஆலையிலிருந்து வந்த நிலையிலேயே இருக்கும்.

ஆகவே, சர்வீஸ், காற்று, டயர் எல்லாம் முடிந்து, அப்புறமும் போதவில்லை என்றால் ரிதம் அல்லது பெர்ஃபார்மன்ஸ் படியில் ஒன்றை வாங்குங்கள். ராக்‌ஷாக்ஸ் என்றால் செலக்ட். அந்த மாற்றத்துக்குப் பணம் கொடுப்பது நியாயம் என்று தயங்காமல் சொல்வேன். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு நூறு வெள்ளிக்கும் கிடைப்பது குறைந்துகொண்டே போகும்.

உங்களுடையது ஹார்ட்டெயில் என்பதையும் மறக்க வேண்டாம். முன்னால் எவ்வளவு உயர்ந்த ஃபோர்க் போட்டாலும் பின்சக்கரம் அப்படியேதான் உதைக்கும். ஓரிரு வருடத்தில் முழு சஸ்பென்ஷன் சைக்கிளுக்கு மாறும் எண்ணம் இருந்தால் இப்போது ஃபோர்க்கில் பணத்தைப் போடாதீர்கள், சேர்த்து வையுங்கள். அந்தச் சைக்கிள் வேறு டிராவல் கேட்கலாம், இதைக் கழற்றி அதில் மாட்ட முடியாமல் போகலாம்.

வாங்குவதென்று முடிவானால் பழைய பொருள் விற்கும் தளமான கரோசலில் தேடிப் பாருங்கள். புதுச் சைக்கிள் வாங்கியவுடனே ஃபோர்க்கைக் கழற்றி விற்பவர்கள் உண்டு. ரிதம் பெரும்பாலும் புதுச் சைக்கிளோடுதான் வரும் என்பதால் இந்த வழியில் ஓடாத ரிதம் நல்ல விலைக்குக் கிடைக்கும். ஆனால் ஃபோர்க்கின் மேலே நீளும் ஸ்டியரர் குழாயை அவர்கள் சைக்கிள் சட்டத்துக்கு (ஃபிரேம்) ஏற்ப வெட்டியிருப்பார்கள். உங்கள் சைக்கிளில் ஹெட் டியூப் (சட்டத்தின் முன்குழாய்), ஹெட்செட் (அதன் பேரிங்குகள்), ஸ்பேசர் (இடைவளையங்கள்), ஸ்டெம் (கைப்பிடியைப் பிடிக்கும் துண்டு) எல்லாம் சேர்த்து அளந்து, அந்த நீளமாவது இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். குட்டையாக இருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம். நேரில் போகும்போது ஸ்டாங்ஷன் முழுவதும் நகத்தை ஓட்டிப் பாருங்கள், தடுக்கினால் விட்டுவிடுங்கள்.

கடைக்குப் போவதற்கு முன் உங்கள் சட்டத்தின் அளவுகளை எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டியரர் கீழே அகன்ற டேப்பர் வகையா, மேலிருந்து கீழ்வரை ஒரே அளவா? முன்சக்கர அச்சு (மில்லிமீட்டரில் விட்டம், அகலம்) 15க்கு 110 பூஸ்ட்டா, 15க்கு 100ஆ, பழைய 9 மில்லிமீட்டர் குவிக் ரிலீஸா? சட்டம் ஒரே அளவு ஸ்டியரரை மட்டும் ஏற்கும் என்றால், நான் மேலே சொன்ன ஃபோர்க்குகள் எதுவும் பொருந்தாது, இந்தப் பேச்சு சர்வீஸோடு முடிந்துவிடும். அச்சு வேறாக இருந்தால் முன்சக்கரத்தின் ஹப்பையும் (நடுக்குடம்) மாற்ற வேண்டிவரும். சில ஃபோர்க்குகளுக்கு 180 மில்லிமீட்டருக்குக் குறைந்த பிரேக் தட்டு பொருந்தாது, அதையும் கேளுங்கள். ஆஃப்செட் (ஸ்டியரர் கோட்டிலிருந்து அச்சு முன்தள்ளியிருக்கும் தூரம்) இப்போது உள்ளதற்கு அருகில் இருக்கட்டும். டிராவல் 120லேயே நிற்கட்டும். 140 போட்டால் நன்றாக இருக்கும் என்று யாராவது சொல்வார்கள். 20 மில்லிமீட்டர் ஏறினால் ஹெட் டியூபின் கோணம் ஏறத்தாழ 1 பாகை சாய்ந்து, ஏற்றத்தில் முன்சக்கரம் அலையும். சட்டத்துக்கு அதன் தயாரிப்பாளர் குறித்த எல்லையைத் தாண்டினால் ஹெட் டியூப் பற்றவைப்பில் சுமை கூடும், வாரண்டியும் போகும்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது மெக்கானிக் உள்ளே என்ன கண்டார் என்பதைக் கேட்டு எழுதி வையுங்கள். புஷ் ஆட்டம், ஸ்டாங்ஷன் நிலை, வெளியே வந்த எண்ணெயின் அளவும் நிறமும். அதோடு சாக் அளவையும் சேர்த்து எனக்கு அனுப்பினால், ஜூடியை வைத்திருக்கலாமா மாற்றலாமா என்பதை இன்னும் உறுதியாகச் சொல்ல முடியும்.